கேள்வி அது கேட்கட்டும், பதிலை நீங்கள் சொல்லுங்கள்: நர்சிங் கற்க சாட்பாட்டைப் பயன்படுத்தும் முறை

நர்சிங் மாணவர்களும் புதிதாக வேலையில் சேர்ந்த செவிலியர்களும் சாட்பாட்டைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பயன்படுத்துகிறார்கள். நாளைக்கு கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) கொடுக்க வேண்டும். இன்று இரவு "நிமோனியா நோயாளிக்கு ஒரு கேர் பிளான் எழுதிக் கொடு" என்று தட்டுகிறார்கள். வந்ததை அப்படியே நோட்டில் ஏற்றிவிடுகிறார்கள். மறுநாள் வார்டில் மேடம் வந்து, "இவருக்கு ஏன் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டால் விழிக்க வேண்டியதுதான். எழுதியது சாட்பாட், மாட்டிக்கொண்டது நீங்கள்.

இதே கருவியை வேறு விதமாகத் திருப்பி வைத்தால் நல்ல பயிற்சித் துணையாகிவிடும். அதற்கு ஒரே ஒரு ஏற்பாடு போதும்: முதலில் உங்கள் பதில், அப்புறம்தான் அதன் பதில். படித்ததைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதுதான் நீண்ட நாள் நிற்கும் என்பதை ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் சோதனை நடத்திக் காட்டினார்கள். சாட்பாட் உங்களுக்காகப் பதில் எழுதும்போது நடக்காமல் போவது இந்த நினைவிலிருந்து எடுக்கும் வேலைதான். கீழே உள்ள படிகள் எல்லாமே அதை உங்களிடமே விட்டுவைப்பதற்கான வழிகள்.

படி 1: எதிரே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஜெமினி, கிளாட், கோபைலட் என்று அதன் பிறகு வரிசையாக வந்தன. கற்பதற்கு எதை எடுத்தாலும் சரி, தொடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இவை எல்லாம் ஏராளமான எழுத்துகளைப் படித்துவிட்டு, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரப் பொருத்தம் என்று கணித்து வாக்கியம் கட்டுகின்றன. சில கருவிகள் இணையத்தில் தேடியும் பதில் தருகின்றன.

இதில் செவிலியருக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சரியான பதிலையும் தவறான பதிலையும் அது ஒரே குரலில்தான் சொல்லும். அனுபவமுள்ள சீனியர் ஒருவர் சந்தேகம் வந்தால் இழுப்பார், "எதற்கும் புரோட்டோகாலைப் (எழுதிவைத்த நடைமுறையை) பார்த்துக்கொள்" என்பார். அந்த இழுப்பு சாட்பாட்டிடம் பெரும்பாலும் இருக்காது. ஒரு மருந்தின் அளவைப் பத்து மடங்கு தவறாகச் சொன்னாலும் வாக்கியம் அழகாகத்தான் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2024 ஜனவரியில் இந்த வகைக் கருவிகளுக்கென்றே ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பொய்யான, அரைகுறையான, ஒரு பக்கம் சாய்ந்த தகவல்கள் வரலாம் என்பதோடு, இயந்திரம் சொன்னதாலேயே மனிதர்கள் தாங்கள் பிடித்திருக்க வேண்டிய தவறைக் கவனிக்காமல் விடும் ஆபத்தையும் அது சொல்கிறது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய கவலை. களைத்துப்போன நைட் ஷிப்டில் யாருக்கும் அது நடக்கும்.

படி 2: இரண்டு கோடுகளைப் போட்டுவிடுங்கள்

கணக்கு தொடங்கும் முன்னாலேயே இதைச் செய்ய வேண்டும்.

முதல் கோடு: உங்கள் கையில் இப்போது இருக்கும் நோயாளிக்கு என்ன செய்வது என்று சாட்பாட்டிடம் கேட்கக் கூடாது. இது கற்கும் கருவி. நோயாளி முன்னால் சந்தேகம் வந்தால் சீனியர், மருத்துவர், மருந்தாளுநர், வார்டு புரோட்டோகால் என்று போக வேண்டும். ஷிப்டு முடிந்தபின் அந்தச் சந்தேகத்தைப் பொதுவான கேள்வியாக்கிப் படிக்கலாம். மருத்துவமனையே ஒப்புதல் கொடுத்து, தன் அமைப்புக்குள் வைத்திருக்கும் கருவி என்றால் அதன் விதிகள் வேறு. அதையும் அந்த விதிகளுக்குள்தான் பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது கோடு: நோயாளியின் விவரம் எதுவும் உள்ளே போகக் கூடாது. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. மருத்துவமனை எண், படுக்கை எண், சேர்க்கைத் தேதி, பிறந்த தேதி, ஊர், தொலைபேசி எண் எல்லாமே அடையாளம்தான். அரிய நோயும் வயதும் தொழிலும் சேர்ந்தாலே அந்த ஊர்க்காரர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். புகைப்படம் இன்னும் மோசம். சார்ட்டையோ ஈசிஜி தாளையோ படம் எடுத்து ஏற்றும்போது மூலையில் பெயரும் எண்ணும் அச்சாகியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமைப்புகளில் அணைத்துவைக்கும் வசதி பல சாட்பாட்களில் உண்டு, கட்டாயம் அணைத்துவையுங்கள். ஆனாலும் நீங்கள் தட்டியது அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் வருகிறது.

ஆகவே உண்மை நோயாளியை மறைத்து எழுதுவதைவிட, கற்பனை நோயாளியை உருவாக்குவதே எளிது. இன்று வார்டில் பார்த்த நீரிழிவுக் கால்புண் உங்களை யோசிக்க வைத்தால், "நீரிழிவுக் கால்புண் உள்ள ஒரு கற்பனை நோயாளியை உருவாக்கு, வயது, பின்னணி எல்லாம் நீயே வைத்துக்கொள்" என்று கேளுங்கள். பாடம் அதேதான், ஆள் மட்டும் இல்லை.

உங்கள் கல்லூரியிலும் மருத்துவமனையிலும் இதற்கு விதி இருக்கிறதா என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் முழுத் தடை இருக்கும், சில இடங்களில் குறிப்பிட்ட கருவிக்கு மட்டும் அனுமதி இருக்கும்.

படி 3: நீங்கள் யார் என்று சொல்லித் தொடங்குங்கள்

ஒரு வரிக் கேள்விக்குப் பொத்தாம் பொதுவான பதில்தான் வரும். உங்கள் நிலை, தலைப்பு, அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் ஆகிய மூன்றையும் முதலிலேயே சொல்லுங்கள். இப்படி:

"நான் இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவி. இதயச் செயலிழப்பு நோயாளியின் பராமரிப்பைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ என் பயிற்சி ஆசிரியர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேள். நான் பதில் சொல்லும்வரை விடையைச் சொல்லாதே. என் பதில் பாதி சரி என்றால் எந்தப் பாதி என்று சொல், மீதியை நானே கண்டுபிடிக்கக் குறிப்பு மட்டும் கொடு. தேவையில்லாமல் பாராட்டாதே."

கடைசி வரி முக்கியம். விட்டுவிட்டால் ஒவ்வொரு பதிலுக்கும் "அருமையான பதில்!" என்று ஆரம்பித்துவிடும். அரைகுறைப் பதிலுக்கும் அதே "அருமை"தான். நாளடைவில் எது உண்மையிலேயே சரி என்று தெரியாமல் போகும்.

தமிழிலேயே கேட்கலாம். மருத்துவப் பெயர்களை வார்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே எழுதுங்கள். பதில் குழப்பமாக வந்தால் அதே கேள்வியை ஆங்கிலத்தில் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டால் அந்த இடத்தில் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

படி 4: கேள்வி-பதில் பயிற்சி

மேலே சொன்ன மாதிரி தொடங்கினால் உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும். (இதில் வரும் ஃபியூரோசமைடு சிறுநீரைக் கூட்டும் மருந்து, டிகாக்சின் இதய மருந்து.)

சாட்பாட்: "68 வயது நோயாளிக்குக் காலையில் ஃபியூரோசமைடும் டிகாக்சினும் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் என்ன பார்ப்பீர்கள்?"

நீங்கள்: "பிபி, பல்ஸ்."

சாட்பாட்: "பல்ஸை எங்கே, எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள்?"

நீங்கள்: "அபிகல் பல்ஸ் (நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து எண்ணுவது), முழுதாக ஒரு நிமிடம். 60-க்குக் கீழே இருந்தால் டிகாக்சினைக் கொடுக்காமல் நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்வேன்."

சாட்பாட்: "பொட்டாசியம் 3.0 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. இந்த இரண்டு மருந்துகளோடு அதற்கு என்ன தொடர்பு?"

இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். 3.0 என்பது குறைவு. ஃபியூரோசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றுகிறது; பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினின் நச்சுத்தன்மை கூடுகிறது. இரண்டு மருந்துகளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்தவருக்கு இந்த முடிச்சு தெரியாது. தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொண்டு பாடப்புத்தகத்தில் போய்ப் பாருங்கள். விளக்கத்தையும் சாட்பாட்டிடமே வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள்.

இந்தப் பயிற்சிக்கு உங்கள் சொந்த வகுப்புக் குறிப்புகளையும் கொடுக்கலாம். நோட்புக்எல்எம் போன்ற கருவிகள் நீங்கள் ஏற்றிய கோப்புகளிலிருந்து பதில் எடுத்து, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்றும் காட்டும். தவறு குறையும், அடியோடு போகாது. மருத்துவமனையின் புரோட்டோகாலை ஏற்றும் முன் அனுமதி கேளுங்கள்.

படி 5: கேஸ் ஒன்றை நகர்த்திப் பாருங்கள்

என்னைக் கேட்டால் சாட்பாட்டின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. புத்தகத்தில் கேஸ் ஒரே பத்தியில் முழுதாக எழுதியிருக்கும். வார்டில் நோயாளியின் நிலை மணிக்கு மணி மாறும், தகவல் துண்டு துண்டாக வரும், நீங்கள் பார்க்காததை யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். அந்தத் துண்டு துண்டான ஓட்டத்தைச் சாட்பாட்டால் ஓரளவு உருவாக்க முடியும்.

இப்படிக் கேளுங்கள்: "60 கிலோ எடையுள்ள ஒரு கற்பனை நோயாளி, வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து முதல் நாள். ஷிப்டு தொடங்கும் நிலையிலிருந்து ஆரம்பி. நான் என்ன பார்க்கிறேன் என்று சொன்னால் மட்டும் அதன் அளவைச் சொல். நான் கேட்காததைச் சொல்லாதே. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் நகர்த்து. நோயாளிக்கு ஏதோ சிக்கல் வருகிறது, ஆனால் என்னவென்று சொல்லாதே. முடிவில் நான் எந்த நேரத்தில் கவனித்திருக்க வேண்டும் என்று மதிப்பிடு."

முதல் மணியில் பல்ஸ் 88, பிபி 124/78. அடுத்து 104, 112/72. நீங்கள் பிபி பரவாயில்லை என்று விட்டுவிட்டால் அதற்கடுத்து 124, 92/58 என்று வரும். சிறுநீர் அளவை நீங்கள் கேட்டிருந்தால் இரண்டு மணி நேரத்தில் 35 மி.லி. என்று முன்னாலேயே தெரிந்திருக்கும். கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி. என்ற கணக்கில் 60 கிலோ ஆளுக்கு இரண்டு மணி நேரத்தில் குறைந்தது 60 மி.லி. வந்திருக்க வேண்டும். உள்ளே ரத்தக் கசிவு இருந்தால் பல்ஸ்தான் முதலில் ஏறும், பிபி ஓரளவுக்குத் தாக்குப்பிடித்துவிட்டுப் பிறகு விழும். இதை வகுப்பில் எல்லோரும் படித்ததுதான். நாமே கேட்க மறந்து மாட்டிக்கொண்டால் அது மறக்காது.

அப்புறம் இரண்டாம் பகுதிக்குப் போங்கள்: மருத்துவரை அழைப்பது. புதிய செவிலியர்கள் பலருக்கு இதுதான் பயம். என்ன தவறு என்று தெரியும், இரவு இரண்டு மணிக்கு எழுப்பிச் சொல்லும்போது வார்த்தை வராது. எஸ்பார் (SBAR) முறை இதற்காகத்தான் இருக்கிறது: இப்போதைய நிலைமை, பின்னணி, உங்கள் மதிப்பீடு, நீங்கள் கேட்பது என்ன, இந்த வரிசையில். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பயன்பட்ட தகவல் சொல்லும் முறையிலிருந்து இது மருத்துவத்துக்கு வந்தது.

சாட்பாட்டிடம், "இப்போது நீ தூக்கத்தில் எழுப்பப்பட்ட டியூட்டி டாக்டர். பொறுமை இல்லை. நான் சொல்வது தெளிவாக இல்லையென்றால் குறுக்கிடு, நான் சொல்லாத அளவுகளைக் கேட்டு மடக்கு" என்று சொல்லுங்கள். குரலில் பேசும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தட்டுவதற்கும் வாயால் சொல்வதற்கும் ரொம்ப வித்தியாசம். முதல் தடவை பெரும்பாலும் இப்படித்தான் வரும்: "டாக்டர், அந்தப் பேஷண்டுக்கு கொஞ்சம் பிபி கம்மியா இருக்கு..." அந்தப் பக்கமிருந்து "எந்தப் பேஷண்ட்? எவ்வளவு கம்மி? முன்னாடி எவ்வளவு இருந்தது? யூரின் போகுதா?" என்று வரும். நான்கைந்து தடவை செய்தால் முதல் மூச்சிலேயே எண்களோடு சொல்லப் பழகிவிடும். கடைசியில் "நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்" என்ற வேண்டுகோளைத் தயங்காமல் சொல்கிறீர்களா என்பதையும் மதிப்பிடச் சொல்லுங்கள். நம்மவர்கள் மற்ற மூன்றையும் ஒழுங்காகச் சொல்லிவிட்டு இந்த நான்காவதில்தான் குரல் இறங்குவார்கள்.

ஒரு எச்சரிக்கை. நீண்ட உரையாடலில் சாட்பாட் தான் முன்பு சொன்னதைச் சில நேரம் மறந்துவிடும். பென்சிலின் ஒவ்வாமை உள்ள நோயாளிக்கு அரை மணி கழித்து, அதே பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் எழுதினாலும் எழுதும். அதைக் கண்டுபிடிப்பதையும் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: மருந்துக் கணக்கு

விதி எளிது. தாளில் நீங்கள் போட்டு, விடையில் அடிக்கோடிட்ட பிறகுதான் அதனிடம் காட்ட வேண்டும்.

1000 மி.லி. திரவம், 8 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு வரும் ஐவி செட். 1000 × 20 ÷ 480 = 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. இதைச் சாட்பாட்டும் சரியாகப் போட்டுவிடும். அது சறுக்கும் இடம் வேறு. செட்டின் சொட்டு எண்ணிக்கையை நீங்கள் சொல்லாமல் விட்டால், பல நேரம் கேட்காமலேயே 15 அல்லது 20 என்று தானே வைத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடும். 15 என்றால் விடை 31. சிறு சொட்டாக விழும் மைக்ரோ செட் என்றால் மி.லி.க்கு 60 சொட்டு, விடை 125.

குழந்தைகள் கணக்கில் இது இன்னும் ஆபத்து. 15 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்று எழுதியிருந்தால் 225 மி.கி. வேண்டும். பாட்டிலில் 5 மி.லி.க்கு 250 மி.கி. என்று இருந்தால் 4.5 மி.லி. ஊற்ற வேண்டும். 5 மி.லி.க்கு 120 மி.கி. பாட்டில் என்றால் ஏறக்குறைய 9.4 மி.லி. அதே குழந்தை, அதே மருந்து, பாட்டில் மாறினால் அளவு இரட்டிப்பு. அதேபோல் "கிலோவுக்கு ஒரு நாளைக்கு" என்பதையும் "கிலோவுக்கு ஒரு வேளைக்கு" என்பதையும் குழப்பிக்கொண்டால் மூன்று நான்கு மடங்கு தவறு வரும்.

அதனால் பயிற்சிக் கணக்கு கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: "பத்துக் கணக்குகள் கொடு. அவற்றில் மூன்றில் விடை காணத் தேவையான ஒரு தகவலை வேண்டுமென்றே விட்டுவிடு. எவை என்று சொல்லாதே." எந்தத் தகவல் இல்லை என்று கண்டுபிடித்து "இதைப் போட முடியாது" என்று நிறுத்துவதற்கும் மதிப்பெண் உண்டு. வார்டில் உயிரைக் காப்பாற்றும் திறமை பாதி அதுதான்.

உண்மையான டோஸை இதில் சரிபார்க்கக் கூடாது. அதற்கு இரண்டாவது செவிலியரின் கண் இருக்கிறது.

படி 7: கேர் பிளானை எழுதச் சொல்ல வேண்டாம், கேள்வி கேட்கச் சொல்லுங்கள்

முதலில் நீங்கள் முழுதாக எழுதுங்கள், எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி. அப்புறம், "இதை மாற்றி எழுதாதே. நான் எழுதிய ஒவ்வொரு நர்சிங் டயக்னோசிஸுக்கும், எந்த அறிகுறியை வைத்து எழுதினேன் என்று என்னிடம் கேள். ஆதாரம் இல்லாதவற்றைச் சுட்டிக்காட்டு. முன்னுரிமை வரிசை சரியா என்று கேள்வி கேள்" என்று சொல்லுங்கள். நிமோனியா நோயாளிக்கு "தூக்கக் குறைவு" என்பதை முதலாவதாகவும், மூச்சுப் பாதையில் சளி அடைப்பதை மூன்றாவதாகவும் எழுதியிருந்தால், ஏன் என்று நீங்களே விளக்க வேண்டி வரும்போது தவறு தானாகத் தெரியும்.

நாண்டா (NANDA) என்ற அமைப்பின் பட்டியலில் உள்ள நர்சிங் டயக்னோசிஸ்களின், அதாவது செவிலியர் கண்டறியும் பிரச்சினைகளின், சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுகின்றன. சாட்பாட் பழையதையும் புதியதையும் கலந்து தரும். உங்கள் கல்லூரி பின்பற்றும் பதிப்பில் பார்த்துத்தான் எழுத வேண்டும். அதேபோல் படுக்கைப்புண் அபாயத்தை அளக்கும் பிரேடன் ஸ்கேல் மாதிரி மதிப்பெண்களை அதனிடம் போடச் சொல்லாதீர்கள். அதில் உள்ள ஆறு அம்சங்களையும் நோயாளியைத் தொட்டு, புரட்டிப் பார்த்துத்தான் போட முடியும். மதிப்பெண் வந்த பிறகு என்ன செய்வது என்று விவாதிக்கலாம்.

படி 8: சரிபார்க்கும் பழக்கம்

எல்லாவற்றையும் சரிபார்க்க நேரம் இருக்காது. ஆகவே எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்: எண்கள், மருந்துகள், "செய்யவே கூடாது" அல்லது "கட்டாயம் செய்ய வேண்டும்" என்று சொல்லும் வாக்கியங்கள், ஆய்வுக் குறிப்புகள். இந்த நான்கும் வெளியே ஒரு முறை பார்க்கப்படாமல் உங்கள் நோட்டுக்குள் நுழையக் கூடாது. பார்க்கும் வரிசை: உங்கள் மருத்துவமனை புரோட்டோகால், மருந்தோடு வரும் தாள் அல்லது மருந்துக் கையேடு, பாடப்புத்தகம், அந்தத் துறையின் அதிகாரபூர்வ வழிகாட்டுதல்.

ஆய்வுக் குறிப்பு கேட்டால் சாட்பாட் இல்லாத கட்டுரையைக்கூட ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண்ணோடு தரும். தலைப்பை அப்படியே பப்மெட்டில் (மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம்) தேடுங்கள். அங்கே எல்லா இதழ்களும் இருக்காது; ஆனாலும் வரவில்லையென்றால், வேறு எங்காவது கண்ணால் காணும்வரை அந்தக் கட்டுரையைப் பயன்படுத்தாதீர்கள். வந்தாலும் சுருக்கத்தையாவது திறந்து படியுங்கள். கட்டுரை உண்மையாக இருந்து, அதில் சொல்லாததை அது சொன்னதாக எழுதுவதும் நடக்கிறது.

பழைய தகவல் அடுத்த சிக்கல். இதய நுரையீரல் புத்துயிர்ப்பில் (சிபிஆர்) மூச்சுப்பாதை முதலில் என்றிருந்த வரிசை 2010-இல் நெஞ்சு அழுத்தம் முதலில் என்று மாறியது. செப்சிஸின் (தொற்றால் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை) வரையறை 2016-இல் மாறியது. பழைய வரையறைப்படி எழுதப்பட்ட பக்கங்கள் இணையத்தில் இன்னும் கிடக்கின்றன, சாட்பாட் படித்ததில் அவையும் அடக்கம். "இது எந்த ஆண்டு வழிகாட்டுதல்?" என்று கேட்டுவிட்டு, அந்த அமைப்பின் தளத்தில் நேரில் பாருங்கள்.

நாட்டுக்கு நாடு வேறுபாடும் உண்டு. அசிட்டமினோஃபென் என்று வந்தால் அது பாராசிட்டமால், எபிநெஃப்ரின் என்றால் அட்ரினலின், அல்பியூடெரால் என்றால் சால்பியூட்டமால். ரத்தச் சர்க்கரை ஓரிடத்தில் மி.கி./டெ.லி., இன்னோரிடத்தில் மில்லிமோல்/லி. முன்னதை 18-ஆல் வகுத்தால் பின்னது வரும்: 180 என்பது 10. உங்கள் இடத்தில் எந்த அலகு என்பதை முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு சின்ன சோதனையையும் செய்து பாருங்கள். அது சரியாகச் சொன்ன ஒன்றை, "இல்லையே, தவறு என்று நினைக்கிறேன்" என்று மறுத்துப் பாருங்கள். சில நேரம் உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டு, சரியான விடையைக் கைவிட்டு உங்கள் தவறுக்குத் தலையாட்டும். ஒரு முறை இதைக் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு அதன் ஒப்புதலை ஆதாரமாக எடுக்க மாட்டார்கள். "சாட்பாட்டும் சரின்னு சொல்லிச்சு" என்ற பேச்சே அடிபட்டுப் போகும்.

படி 9: நோயாளிகளுக்கான குறிப்புகள்

வீட்டுக்குப் போகும் நோயாளிக்கு இன்ஹேலர் எப்படிப் பிடிப்பது, காயத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எளிய நடையில் எழுத இது நன்றாக உதவும். உள்ளடக்கத்தை நீங்கள் கொடுங்கள், நடையை மட்டும் அது எளிமையாக்கட்டும். "நான் கொடுத்ததைத் தவிர எந்த அறிவுரையையும் சேர்க்காதே" என்று சொல்லாவிட்டால் தானாக உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்த்துவிடும். வந்ததை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பேச்சில் யாரும் சொல்லாத வார்த்தைகளை வெட்டுங்கள். வார்டில் கொடுக்கும் முன் பொறுப்பாளரின் ஒப்புதல் வேண்டும். கொடுத்த பிறகு, "வீட்டில் போய் எப்படிச் செய்வீர்கள், எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்று நோயாளியிடமே கேட்பது உங்கள் வேலை. அவருடன் பேசிப் பழகுவதற்குச் சாட்பாட்டை முன்கூட்டியே கோபக்கார நோயாளியாகவும், பயந்துபோன தாயாகவும் நடிக்கச் சொல்லலாம்.

கற்பிப்பவர்களுக்கு

பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளைச் சாட்பாட் நிமிடத்தில் எழுதித் தரும் என்பதால் ஆசிரியர்களுக்கு ஆசை வரும். எழுதிக் கொள்ளட்டும், ஆனால் விடைக் குறிப்பை ஒவ்வொன்றாக நீங்கள் போட்டுப் பாருங்கள். இரண்டு விடைகள் சரியாக இருக்கும் கேள்விகளும், மற்றவற்றைவிட நீளமாக இருப்பதாலேயே சரியான விடை தெரிந்துவிடும் கேள்விகளும் அடிக்கடி வரும்.

மாணவர்களைத் தடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வீட்டில் செய்யும் அசைன்மென்டின் மதிப்பெண்ணைக் குறைத்து, அதே கேர் பிளானைப் படுக்கைக்கு அருகில் ஐந்து நிமிடம் விவா (வாய்மொழித் தேர்வு) கேட்டு மதிப்பெண் கொடுங்கள். இன்னொன்று: சாட்பாட் எழுதிய ஒரு கேர் பிளானை நீங்களே அச்செடுத்து வகுப்பில் கொடுத்து, தவறுகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள் அதைப் பிய்த்து எடுத்துவிடுவார்கள், படிக்காதவர்களுக்கு எல்லாமே சரி என்றே தோன்றும். யாருக்கு எந்தப் பாடத்தில் உதவி வேண்டும் என்பது உங்களுக்கு அதிலேயே கிடைத்துவிடும்.

பயன்படுத்தியதைச் சொல்லும் முறை

அசைன்மென்டில் சாட்பாட் உதவி இருந்தால் மறைக்க வேண்டாம். கல்லூரி வேறு படிவம் கொடுக்காவிட்டால் கடைசியில் நான்கு விஷயங்களை எழுதினால் போதும்: எந்தக் கருவி, எந்தத் தேதியில், எந்த வேலைக்கு, எவற்றை எங்கே சரிபார்த்தீர்கள். உதாரணமாக: "கேர் பிளானை நான் எழுதிய பிறகு முன்னுரிமை வரிசையை விவாதிக்க சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினேன். மருந்து விவரங்களைப் பாடப்புத்தகத்திலும் வார்டு மருந்துக் கையேட்டிலும் சரிபார்த்தேன். நோயாளியின் விவரம் எதையும் உள்ளிடவில்லை." உரையாடலையும் சேமித்து வையுங்கள். ஆசிரியர் கேட்டால் காட்டலாம், தேர்வுக்கு முன் நீங்கள் தடுமாறிய கேள்விகளைத் தேடி எடுக்கவும் அதுதான் இடம்.